33 விநாடி முத்தமும் ஒரு தோட்டாவும்

2025 ஜூலையில் ஒரு நாள் என் தம்பி சென்னையிலிருந்து அழைத்து, அடுத்த சனிக்கிழமை மதுரைக்கு வருவதாகவும், வந்த கையோடு பிள்ளைகள் இருவரையும் புதிய ‘சூப்பர்மேன்’ படத்துக்குக் கூட்டிச் செல்லப்போவதாகவும் சொன்னான். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தாயிடம் தகவல் சொல்வது தாய்மாமன்களுக்கே உரிய சலுகை என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. மகளுக்கு அப்போது 12 வயது, மகனுக்கு 7. படத்துக்குக் கிடைத்திருந்த சான்றிதழோ யு/ஏ 13+. சான்றிதழின்படி பார்த்தால் இருவருமே கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள். “அக்கா, அது நாய் வர்ற படம். சிவப்புத் துணியைக் கட்டிக்கிட்டு எவ்வளவு அழகா இருக்கு பாரு. நாம சின்ன வயசுல பார்க்காததா?” என்றான் தம்பி.

நாங்கள் பார்த்தது உண்மைதான். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ தொடரை, பிறகு அது ஞாயிறு நண்பகலுக்கு மாறியதும், இந்தியில் ஒரு சொல்லும் விளங்காத நிலையிலேயே எங்கள் தெருப் பிள்ளைகள் அனைவரும் ஒரே வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடிப் பார்த்தோம். என் பெரியப்பா மகன் ஈரத்துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, சக்திமானைப் போலச் சுழன்றபடி மாட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து குதித்து, முழங்கையை உடைத்துக்கொண்டு, நாட்டு வைத்தியரின் கட்டோடு அந்தக் கோடை விடுமுறை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அந்த நாள்களில் இப்படிப்பட்ட செய்திகள் நாளிதழ்களிலும் வந்தன. தொடரின் நாயகனே நிகழ்ச்சியின் முடிவில் தோன்றிப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதும் வழக்கமாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், அண்ணனின் கையை உடைத்தது அந்தத் தொடரில் இருந்த அடிதடி அன்று, அந்தச் சுழற்சியின் அழகுதான். அதே தொடரில் வந்த வில்லனின் முகம் எனக்குப் பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்தது, அண்ணனையோ அது ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் ஒன்றைப் பார்த்துச் செய்வதும், ஒன்றைப் பார்த்து அஞ்சுவதும் வெவ்வேறு கவலைகள் என்பதும், இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணில் அடக்கிவிட முடியாது என்பதும் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றுவதற்கு இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

ஆகவே, தம்பி வருவதற்கு முன்பே வியாழக்கிழமை காலைக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். விமர்சனங்கள் கதையையும் இயக்கத்தையும் எடைபோடுகின்றன, சான்றிதழ் ஒரு வயதைச் சொல்கிறது. ஆனால் என் மகன் எந்த இடத்தில் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைப்பான் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. தமிழ் டப்பிங் காட்சியையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத சிறுவன் ஆங்கிலக் காட்சியில் உட்கார்ந்தால் இடிவதும் வெடிப்பதும் அலறுவதும் மட்டுமே அவனை வந்தடைகின்றன, அவற்றுக்கு நடுவே படம் கொடுக்கும் சிரிப்பும் ஆறுதலும் மொழியிலேயே தங்கிவிடுகின்றன. அதே படம் தமிழில் ஓடும்போது பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கிறது. டப்பிங் படம் என்றால் முகம் சுளிக்கும் என் நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்தக் காட்சியில் எனக்கு முன்வரிசையில் என் மகனைவிடச் சிறிய பிள்ளை ஒன்று, படத்தின் முதல் பாதி முழுவதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு தந்தையின் மடியில் இருந்தது. யாரும் அவர்களை வாசலில் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. இதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதால் சற்று விளக்கிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ் முதலில் எல்லாருக்குமான யு, வயது வந்தோருக்கு மட்டுமான ஏ என இரண்டே சான்றிதழ்கள் இருந்தன. 1983இல் நடுவே யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். நாற்பது ஆண்டுகளாக, லேசான ஒரு குடும்பச் சண்டைக்கும் தலைகள் உருளும் ஒரு பழிவாங்கும் கதைக்கும் அந்த ஒரே முத்திரைதான் குத்தப்பட்டது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, அதை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தார்கள், 2024இல் விதிகளும் வந்தன. பிரித்தது நல்ல காரியம். ஆனால் ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்குத்தான் 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்ற கட்டாயம் உண்டு. யு/ஏவுக்குப் பக்கத்தில் எந்த எண் நின்றாலும் அது திரையரங்கு ஊழியருக்குச் சொல்லப்பட்டதன்று, பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. தீர்ப்பை நம் கையில் கொடுத்துவிட்டுத் தணிக்கை வாரியம் ஒதுங்கிக்கொள்கிறது என்றும் சொல்லலாம்.

முற்றிலும் ஒதுங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் நாயகனும் அவன் காதலி லோயிஸ் லேனும் வானத்தில் மிதந்தபடி முத்தமிடும் காட்சி மிகையான சிற்றின்பத் தன்மை கொண்டது என்று கருதப்பட்டு 33 விநாடி வெட்டப்பட்டதாகச் செய்திகள் வந்தன. திரையில் அந்த இடத்தில் படம் தடுக்கி விழுவது எனக்கே தெரிந்தது. முத்தக் காட்சிகளுக்காக வாதாட நான் வரவில்லை. என் மகன் அதைப் பார்த்திருந்தால் “ச்சீ” என்று கண்ணைப் பொத்தி, விரலிடுக்கு வழியே பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தையும் பார்த்துச் சிரித்திருப்பான். அத்தோடு முடிந்திருக்கும். நான் கேட்பது வேறு. அதே படத்தில், அதே சான்றிதழின்கீழ், ஒரு வெட்டும் விழாமல் இருக்கும் இன்னொரு காட்சியைப் பற்றி.

மாலிக் என்று ஒருவர். மெட்ரோபோலிஸ் நகரத்தின் தெருவில் தள்ளுவண்டி வைத்து உணவு விற்கிறவர். படத்தின் தொடக்கத்தில் அடிவாங்கிப் பள்ளத்தில் விழுந்து கிடக்கும் சூப்பர்மேனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவர் அவர்தான். அவருக்குச் சக்தி எதுவும் கிடையாது, முகமூடியும் கிடையாது, ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். பிற்பாடு வில்லன் லெக்ஸ் லூதர், சிறைப்பட்டு வலுவிழந்து கிடக்கும் சூப்பர்மேனின் கண்ணெதிரே மாலிக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரே ஒரு தோட்டா இட்ட கைத்துப்பாக்கியை அவர் தலையில் வைத்து, நாயகனிடம் கேள்வி கேட்டபடி விசையை அழுத்துகிறான். வெற்றுச் சத்தம். மறுபடியும் கேள்வி. எதையும் சொல்ல வேண்டாம் என்று மாலிக்கே நாயகனுக்குத் தைரியம் சொல்கிறார். பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. ரத்தத்தைக் காட்டி அச்சுறுத்தும் நோக்கம் காட்சிக்கு இல்லை. ஆனால் அந்தக் கணம் வரை, எந்தக் கட்டடம் சரிந்தாலும் கடைசி நொடியில் ஒருவர் பறந்து வந்து தாங்கிக்கொள்வார் என்று படம் பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருக்கிறது. இங்கே அவர் அங்கேயே இருக்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், காப்பாற்ற முடியவில்லை. எனக்கு நாற்பது வயதாகப்போகிறது, நானே கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் யாராவது ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை எழுத்து வந்துவிடுகிறது. மாலிக்கின் தலையில் துப்பாக்கி வைக்கப்படும்போது கீழே எதுவும் வரவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, அப்படி வந்தால் அதைவிடக் கேலிக்கூத்து இருக்காது. எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1984இல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் தொடர்புடைய இரண்டு படங்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் கொதித்ததும், அவரே இடைப்பட்ட ஒரு தரம் வேண்டும் என்று சொல்ல, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 அந்த ஆண்டு ஜூலையில் பிறந்தது. இன்றைய நாயகப் படங்களில் பெரும்பாலானவை அந்தப் பெட்டிக்குள்தான் அளவெடுத்துத் தைக்கப்படுகின்றன. அந்தப் பெட்டியின் நடைமுறை இலக்கணம் எளியது. எத்தனை பேர் வீழ்ந்தாலும் ரத்தம் தெரியக்கூடாது. வீழ்பவர்கள் இயந்திரங்களாகவோ முகமற்ற படையாகவோ இருந்துவிட்டால் இன்னும் நல்லது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டின் ‘ஸ்பைடர்-மேன்’ படத்துக்கு 12 என்ற கட்டாயச் சான்றிதழ் கிடைத்து, அதற்குக் குறைந்த பிள்ளைகள் உள்ளே நுழைய முடியாமல் போனபோது, பெற்றோரின் ஆத்திரத்தைக் கண்ட சில உள்ளாட்சி மன்றங்கள் தம் பகுதியில் தாமே விதியைத் தளர்த்திக்கொண்டன. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, பெரியவர் ஒருவர் உடன் வந்தால் சிறுவர்களும் பார்க்கலாம் என்னும் 12ஏ நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆறே ஆண்டுகளில், அதே 12ஏ கொடுக்கப்பட்ட ‘தி டார்க் நைட்’ என்னும் பேட்மேன் படத்தின் வில்லன் ஜோக்கரும் அவனுடைய கத்தியும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று 300க்கும் மேற்பட்ட புகார்கள் பிரிட்டிஷ் வாரியத்துக்குப் போயின. விடமாட்டேன் என்றால் ஏன் விடவில்லை என்கிறோம், விட்டால் ஏன் விட்டாய் என்கிறோம். பெற்றோர் என்ற இனத்தைத் திருப்திப்படுத்துவது லேசில்லை, நானும் அந்த இனம்தான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. தமிழ்நாட்டில் தமிழ்த் தலைப்பு வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு இருந்த காலத்தில், 2011 முதல் அந்த விலக்குக்கு யு சான்றிதழும் கட்டாயமாயிற்று. 2017இல் ஜிஎஸ்டி வரும் வரையில், யு என்ற ஒற்றை எழுத்து பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்பாக மட்டும் இருக்கவில்லை, தயாரிப்பாளரின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு பெரிய தொகையாகவும் இருந்தது. அந்த எழுத்துக்காகச் சில விநாடிகளை வெட்டிக் கொடுத்துவிட்டு, படத்தின் மனப்போக்கை அப்படியே வைத்துக்கொண்ட படங்களை நாம் எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். எழுத்தையும் எண்ணையும் நான் மதிக்கிறேன், ஆனால் அவை எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்த பிறகு அவற்றின் முன் கைகட்டி நிற்க முடியவில்லை.

எனக்கு உண்மையில் உதவியது, கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு பாடத்தில் அறிந்துகொண்ட ஜோஆன் கேன்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் வேலை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், பிள்ளைகள் எதைப் பார்த்து அஞ்சுகிறார்கள் என்பதையே பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். பள்ளி செல்லாத சின்னஞ்சிறு பிள்ளைகளை மிகவும் அச்சுறுத்தும் நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பெற்றோர்கள் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரைச் சொன்னபோது அவருக்கு வியப்பாக இருந்திருக்கிறது, ஏனென்றால் ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பவன். பிறகு தன் சகாவோடு பல வயதுப் பிள்ளைகளுக்கு அதே தொடரின் பகுதியைக் காட்டிப் பார்த்தார். சிறியவர்கள் பெரிதும் அஞ்சியது, சாதாரண மனிதன் பச்சை நிறத்தில் வீங்கி உருமாறி நின்ற பிறகுதான். வயதில் மூத்த பிள்ளைகளோ, வந்தவன் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டதால் அந்த இடத்தில் அவ்வளவாக அஞ்சவில்லை. இதற்கு நேர்மாறாக, அணுகுண்டுப் போருக்குப் பின்னான வாழ்க்கையைக் காட்டி 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு படம் மிகச் சிறிய பிள்ளைகளை அதிகம் பாதிக்கவில்லை, பதின்வயதினரைத்தான் உலுக்கியது என்றும் அவர் குழு கண்டது. சின்னப் பிள்ளை கண்ணால் அஞ்சுகிறது, வளர்ந்த பிள்ளை ‘இது நடக்கக்கூடியதுதானே’ என்று அறிவால் அஞ்சுகிறது என்று நான் இதை எனக்குச் சொல்லி வைத்துக்கொண்டேன்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு படத்தை மனத்துக்குள் இரண்டாம் முறை ஓட்டினேன். நகரத்துக்குள் புகும் ராட்சத மிருகம் பெரிதுதான், ஆனால் பகல் வெளிச்சத்தில் வருகிறது, வேடிக்கையாகவும் இருக்கிறது. அந்த அமளிக்கு நடுவே நாயகன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றும் இடத்தில் என் மகன் எழுந்து நின்று கைதட்டுவான் என்று எனக்குத் தெரியும். நாய் கிரிப்டோ முழுப் படத்திலும் பிள்ளைகளின் சொத்து. பனிப்பாலையில் ரத்தம் வழியக் கிடக்கும் எசமானைக் காப்பாற்ற ஓடிவந்து, உடைந்த எலும்புகள் மீதே குதித்து விளையாடும் முதல் காட்சியில் வலியும் சிரிப்பும் எவ்வளவு நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று வியந்தேன். ஆனால் தன் கைகளை நுண்ணிய இயந்திரத் துகள்களாகக் கரைத்து எதிரியின் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் செலுத்தி மூச்சை அடைக்கும் அந்தப் பெண் பாத்திரம், ஹல்க்கின் தொடர்ச்சிதான். என் மகனுக்கு இழுப்பு உண்டு. இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த அனுபவம் அவனுக்கு இருக்கிறது. ஒரு வாரியத்தின் எந்தப் பட்டியலிலும் இந்த விவரம் இருக்க முடியாது, என் பட்டியலில் முதல் வரியே அதுதான்.

மகளுக்கு அந்தக் காட்சி வெறும் கணினி வரைகலை. அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்கு விளக்கத் தொடங்கிவிடுவாள். அவளை எண்ணி நான் குறித்துக்கொண்டவை வேறு. ஒன்று, மாலிக். இன்னொன்று, எல்லையில் நின்று படையெடுப்பை எதிர்நோக்கும் எளிய மக்களின் நடுவே, நாயகனின் சின்னம் பொறித்த கொடியை ஒரு சிறுவன் ஏற்றி அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் காட்சி. செய்தித் தாள் படிக்கத் தொடங்கிவிட்ட 12 வயதுப் பெண்ணுக்கு அது கதைக்குள் அடங்கி நிற்காது. மூன்றாவதாக, சண்டையே இல்லாத ஓர் இடம். பூமிக்கு அனுப்பி வைத்த பெற்ற தாய் தந்தையரின் செய்தியின் முற்பகுதியை மட்டுமே கேட்டு, மனிதர்களுக்குத் தொண்டு செய்யத்தான் தன்னை அனுப்பினார்கள் என்று வாழ்ந்து வந்தவனுக்கு, பிற்பகுதியில் அவர்கள் அவனை ஆளச் சொல்லியிருந்தார்கள் என்று தெரியவருகிறது. ‘என்னைப் பெற்றவர்கள் நல்லவர்கள்தானா’ என்ற கேள்வியைவிடப் பயங்கரமான மிருகம் எந்த நாயகப் படத்திலும் இல்லை. அதை இந்தப் படம் எழுப்பிவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை, கான்சஸ் மாநிலத்துக் கிராமத்தில் வளர்த்த தந்தை அவனருகே வந்து அமர்ந்து பேசும் பேச்சில் அதற்கு மருந்தும் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே மகள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பல ஆண்டுகளாக இந்த வகைப் படங்களின்மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் அது. நகரங்கள் பொடியாகும், வானுயர் கட்டடங்கள் சீட்டுக்கட்டுபோல் சரியும், உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள், வெற்றி பெற்றவர்கள் நகைச்சுவை பேசியபடி நடந்துபோவார்கள். ரத்தம் தெரியாத அந்த வகை அழிவுதான் பிள்ளைகளுக்கு மிகவும் ஆகாதது என்பது என் எண்ணம். அது அச்சுறுத்துவதில்லை, பழக்கிவிடுகிறது. இந்தப் படத்தின் நாயகன் அடிவாங்கிக்கொண்டிருக்கும்போதும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் நகரமே பிளக்கும்போதும் மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறார்கள். மாலிக்கின் சாவு அந்த அளவுக்கு வலிப்பதற்கும் காரணம் இதுவே. இங்கே ஓர் உயிருக்குக் கணக்கு இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளும்போது என் வாதம் எனக்கே சிக்கலாகிறது என்பது தெரிகிறது. பிள்ளைக்குத் தாங்காத காட்சிதான், ஆனால் நேர்மையான காட்சி. தாங்குகிற காட்சிகள் பலவும் நேர்மையானவை அல்ல. இவற்றில் எதைக் கொடுப்பது?

நான் செய்தது இது. மகள் போகலாம், மகன் இப்போதைக்குத் திரையரங்குக்கு வேண்டாம். திரையரங்கு என்பது தனி விஷயம். இருட்டு, நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் ஒலி, சுவரளவு முகங்கள், நிறுத்தவும் முடியாது, ஒலியைக் குறைக்கவும் முடியாது. பாதியில் வெளியே வந்தாலோ, பிள்ளையின் மனத்தில் படம் அந்தப் பயங்கரமான இடத்திலேயே நின்றுபோய்விடும், நல்ல முடிவை அது பார்த்திருக்காது. நம் திரையரங்குகளில் இடைவேளை இருப்பது ஒரு வரம். பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை வீட்டில் பெரும் போர் நடந்தது. மகன் அழுதான், “அக்காவுக்கு மட்டும் ஏன்?” என்று நியாயம் கேட்டான். தம்பி அவன் பக்கம் சாய்ந்து, “அவன் யூடியூப்ல பார்க்காததாக்கா?” என்றான். யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கும்போது யாரிடமும் மனம் ஒட்டுவதில்லை, இரண்டு மணி நேரம் ஒரு மனிதரோடு பழகிய பிறகு அவர் சாவதைப் பார்ப்பது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். தம்பி ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து அடங்கினான். மகளிடம் மட்டும் தனியே, “ஒரு நல்லவர் சாகிற காட்சி வரும், திடீரென்று வரும், உனக்கு வேண்டாமென்றால் தலையைக் குனிந்துகொள்” என்று சொல்லி அனுப்பினேன். கதையைச் சொல்லிவிட்டாயே என்று கோபித்துக்கொண்டாள். திரும்பி வந்து இரவு சாப்பிடும்போது நாயைப் பற்றியும் சண்டைகளைப் பற்றியும் தம்பிக்கு ஈடாகப் பேசினாள். படுக்கப்போகும் நேரத்தில்தான் என்னிடம் வந்து, மாலிக் ஏன் பொய் சொல்லித் தப்பித்திருக்கக்கூடாது என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

சில வாரங்கள் கழித்துப் படம் இணையத்தில் கட்டணத்துக்குக் கிடைத்தபோது, ஒரு ஞாயிறு காலையில், சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒலியைக் குறைத்து, தொலையியக்கியை என் கையில் வைத்துக்கொண்டு மகனோடு பார்த்தேன். மூச்சை அடைக்கும் காட்சிக்கு முன்பே, அடுத்து என்ன வரப்போகிறது, சூப்பர்மேன் எப்படித் தப்பிப்பான் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்தபடி பார்த்தான். ராட்சத மிருகத்துக்கு அஞ்சவில்லை. நான் எதிர்பார்க்காதபடி, உலோகம்போல் விகாரமான முகம் கொண்ட ஒரு கைதியைக் கண்டு என் பின்னால் ஒளிந்தான், அந்தக் கைதிக்கு ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் வெளியே வந்துவிட்டான். மாலிக்கின் காட்சி வந்தபோது படத்தை நிறுத்தி, “இந்த இடத்துல லூதர் அந்தக் கடைக்கார மாமாவைச் சுட்டுடுவான். அவர் செத்துப்போயிடுவார். அதை நாம பார்க்க வேண்டாம், ஆனா நடந்தது உனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டு ஓட்டிவிட்டேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறைத்திருந்தால், அடுத்த காட்சியில் நாயகன் ஏன் அப்படி உடைந்து கிடக்கிறான் என்பது அவனுக்கு விளங்கியிருக்காது. ஓட்டியது சரியா என்று இப்போதும் எனக்கு ஐயம் இருக்கிறது. மகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவர் வண்டியை இனிமே யாரு தள்ளுவா?” என்று கேட்டான்.

அதன் பிறகு ஒரு வாரம் அவன் சூப்பர்மேனாக இல்லை, நாயாக இருந்தான். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கூடத்தில் படுத்திருக்கும் அக்காவின் சட்டைக் காலரைப் பல்லால் கவ்வி இழுத்து, இரண்டு சட்டைகளைக் கிழித்தான். கூரை ஏறுவதற்கு வழியில்லாத மாடிக் குடியிருப்பில் வசிப்பதற்காக நான் நன்றி சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரத்தில் ஒரு நாள் விளையாட்டு மாறியது. அக்கா அடிவாங்கி விழுந்த சூப்பர்மேன், இவன் சமையலறை முக்காலியைக் கவிழ்த்துத் தள்ளுவண்டியாக்கித் தள்ளிக்கொண்டு வந்து அவளுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான். தண்ணீரும் கொடுத்தான். துப்பாக்கியோடு லூதர் வரும் கட்டத்துக்கு என்னை அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். அழைக்கவில்லை. லூதர் எப்போது வருவான் என்று நானே கேட்டதற்கு, “இதுல அவன் வரமாட்டான்மா” என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.